அக்வாபோனிக்சுக்குத் தமிழில் என்ன சொல்? ‘மீனீர் உழவு’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் பால்கனியிலேயே மீன் தொட்டியையும் கீரைப் பாத்தியையும் இணைத்து வைத்துக்கொள்ள உதவும்படி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே பேனா நின்றுவிட்டது. மீன் தொட்டித் தண்ணீரையே செடிக்குப் பாய்ச்சும் இந்த ‘அக்வாபோனிக்ஸ்’ முறையைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நான் பார்த்த குறிப்புகளில் ‘மீன்–செடி கூட்டு வளர்ப்பு’ என்றோ ‘ஒருங்கிணைந்த மீன் வளர்ப்பு’ என்றோ எழுதுகிறார்கள். இரண்டாவதை ஏற்க முடியாது. குளத்தின் மேல் கோழிக்கூண்டு வைப்பதையும், குளத்தில் வாத்து விடுவதையும் மீன்வளத் துறையில் அப்படித்தான் சொல்கிறார்கள். முதலாவதில் எனக்கு இருக்கும் குறை சொந்த அனுபவத்தில் வந்தது. அதைச் சொன்னால்தான் நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது புரியும்.

இரண்டு வருடத்துக்கு முன், சென்னையில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் 100 லிட்டர் தொட்டி ஒன்றை வைத்தேன். மேலே பாத்தி, கீழே மீன், நடுவே ஒரு சின்ன மோட்டார். கொளத்தூரில் பத்துத் தங்கமீன் வாங்கி வந்து அன்றைக்கே விட்டேன். விற்றவர், “கீழே மீன், மேலே செடி, அவ்வளவுதான்மா” என்றார். ஐந்தாம் நாள் நான்கு மீன் மிதந்தன. எட்டாம் நாள் மூன்றுதான் மிச்சம். என் மகள் அந்தத் தொட்டிப் பக்கமே ஒரு மாதம் போகவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மீன் தன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அமோனியாவை விடுகிறது. அது மீனுக்கே நஞ்சு. பாத்தியில் இருக்கும் கல்லின் மேல் குடியேறும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே செடிக்கு நல்ல உணவு. இந்த இரண்டு கூட்டமும் வந்து குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது, விட்டாலும் ஒன்றிரண்டுக்கு மேல் கூடாது. நான் மீனைப் பார்த்தேன், செடியைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. ‘மீன்–செடி’ என்ற பெயரும் அதே தவற்றைத்தான் செய்கிறது.

ஆகவே பெயர் தண்ணீரின் மேல் நிற்கவேண்டும் என்பது என் கட்சி. மீன் வாழ்ந்த நீர்: மீனீர். அதைக் கொண்டு செய்யும் பயிர்த்தொழில்: மீனீர் உழவு. சொல்லுங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து

* * *

அன்புள்ள அம்மா,

முதலில் மூலச்சொல்லைப் பார்த்துவிடுவோம். மண்ணின்றிக் கரைசலில் பயிர் வளர்த்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து கெரிக், தம் முறைக்கு முதலில் ‘அக்வாகல்ச்சர்’ என்றே பெயரிட்டிருந்தார். அந்தப் பெயர் நீர்வாழ் உயிர்களை வளர்ப்பதற்கு முன்பே வழங்கிவந்தது தெரிந்ததும், 1937-இல் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று மாற்றினார். நீங்கள் இன்று படும் பாட்டை அவரும் பட்டிருக்கிறார். ஹைட்ரோ என்றால் கிரேக்கத்தில் நீர். போனோஸ் என்றால் உழைப்பு, பாடு. உழவுத்தொழிலுக்குக் கிரேக்கர் வைத்திருந்த பெயர் ‘கெயோபோனியா’, அதாவது மண்ணில் படும் பாடு.

பின்னாளில் ‘அக்வாகல்ச்சர்’ என்பதன் தலையையும் ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்பதன் வாலையும் ஒட்டி ‘அக்வாபோனிக்ஸ்’ ஆக்கினார்கள். இலத்தீன் பாதி, கிரேக்கம் பாதி. பிரித்துப் பொருள் கண்டால் இரண்டு சொல்லுக்கும் ‘நீர்ப்பாடு’ என்ற ஒரே பொருள்தான் வரும். மீன் அதில் எங்கும் இல்லை! எனவே மூலத்தை மொழிபெயர்த்தால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. பொருளைப் பார்த்துத்தான் ஆக்கவேண்டும். அந்த அளவில் உங்கள் வழி சரி.

புணர்ச்சியிலும் பிழையில்லை. வான் + நிலை வானிலை ஆனதுபோல மீன் + நீர் மீனீர் ஆகும்.

‘உழவு’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். ஏர் இல்லை, மண் இல்லை, கிளறுவதும் இல்லை. பால்கனியில் எதை உழுவது? ‘மீனீர் வேளாண்மை’ அல்லது ‘மீனீர் வளர்ப்பு’ போதாதா?

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து

* * *

வணக்கம் அக்கா, வணக்கம் ஐயா.

நான் மாடித்தோட்டக்காரன், இலக்கணம் தெரியாது. காதில் விழுவதைச் சொல்கிறேன். எங்கள் அம்மாவிடம் “மீனீர்னா என்னம்மா?” என்று கேட்டேன். “மீன் கழுவின தண்ணியா? கறிவேப்பிலைக்கு ஊத்து” என்றார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து ‘மீன் அமிலம்’ தயாரிக்கிறார்கள். பஞ்சகவ்யம், மீன் அமிலம், அந்த வரிசையில் மீனீரும் ஏதோ தெளிப்பு மருந்து என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடையில் எல்லாரும் அக்வாபோனிக்ஸ் என்றுதான் கேட்கிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன? வேண்டுமானால் ‘மீன்கீரை’ என்று சின்னதாகச் சொல்லலாம்.

உறுப்புகளுக்குப் பெயர் தேடுவதில் கூட வருகிறேன். பாத்தியில் தண்ணீர் ஏறி, ஒரு மட்டம் வந்ததும் தானாகவே சரசரவென்று வடிந்து, காற்று புகுந்ததும் நிற்கிறதே, கடையில் ‘பெல் சைஃபன்’ என்கிற அந்தக் குழாய். எங்கள் மதுரைப் பக்கம் கண்மாயில் தண்ணீரைத் திறந்துவிடும் மதகான குமிழித்தூம்பு உண்டு. இதை ‘மணித்தூம்பு’ என்று சொல்லிப் பார்த்தேன், வாயில் நன்றாக உட்காருகிறது. கூழாங்கல் கொட்டிய படுகைக்கு ‘கல்பாத்தி’.

மதுரையிலிருந்து

* * *

ஐயாவுக்கும் தம்பிக்கும் நன்றி. இரண்டு பேர் சொன்னதையும் ஒரு வாரம் மனதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

> மீன் கழுவின தண்ணியா?

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கழுவிய தண்ணீருக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது தம்பி: கழுநீர். அரிசி கழுவியதையும் அப்படித்தான் சொல்கிறோம். மீன் கழுவியது மீன் கழுநீர். மீன் வாழ்ந்தது மீனீர். இளநீர், வெந்நீர், கண்ணீர், பன்னீர் என்று நீருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்து அது எப்படிப்பட்ட நீர் என்று சொல்வது நம் வழக்கம். அந்த வரிசையில் இதுவும் நிற்கும். மீன் அமிலத்தோடு குழப்பம் வரக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ‘மீனீர்’ என்று தனியே விடாமல் ‘உழவு’ சேர்க்கிறேன்.

‘மீன்கீரை’ அழகாக இருக்கிறது, ஆனால் தின்னும் கீரைக்குப் பெயர்போல் இருக்கிறது. தக்காளி வைத்தவர் என்ன செய்வார்?

> எதை உழுவது?

ஐயா, நீங்கள் கொடுத்த விளக்கத்திலேயே பதில் இருக்கிறதே. போனோஸ் என்றால் பாடு என்றீர்கள். தமிழில் ‘உழத்தல்’ என்றாலும் பாடுபடுதல்தான். 1031-ஆம் குறளில் ‘உழந்தும் உழவே தலை’ என்று இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. கிரேக்கத்தில் மண்ணில் படும் பாடு எப்படிப் பயிர்த்தொழில் ஆனதோ, அதே தடம் தமிழிலும் கிடக்கும்போது அதை ஏன் விடவேண்டும்? இன்னொரு வசதியும் உண்டு. ஹைட்ரோபோனிக்சுக்கு ‘நீருழவு’ என்று வைத்துக்கொண்டால் மீனீர் உழவு அதன் தங்கைபோல் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்றில் நீரோடு கடையில் வாங்கிய உப்புக் கரைசல், இன்னொன்றில் நீரோடு மீன் கொடுத்த சத்து. வேறுபாடு பெயரிலேயே தெரியும். ‘வளர்ப்பு’ என்று போட்டால் மீனை வளர்ப்பதா, செடியை வளர்ப்பதா என்ற மயக்கம் மறுபடி வரும்.

நீளமான பெயர் வேண்டாம் என்பதற்கும் ஒரு சான்று. 1980-களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்மர்ட்ரி திலேப்பியா மீன் தொட்டி நீரை மணல் படுகைக்குப் பாய்ச்சித் தக்காளியும் வெள்ளரியும் எடுத்தார். நாம் ஜிலேபி கெண்டை என்கிறோமே, அந்த மீன்தான். ‘ஒருங்கிணைந்த நீர்–காய்கறி வளர்ப்பு’ என்று பொருள்படும் நீண்ட பெயரை அவர் வைத்தார். அவர் முறை நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை. கடை வாசலில் நின்று ஒரே மூச்சில் கேட்க முடிகிற பெயர்தான் பிழைக்கும்.

தம்பியின் ‘மணித்தூம்பு’ எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ‘கல்பாத்தி’ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இதில் சொல்லழகைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. பாத்தி 30 சென்டிமீட்டர் ஆழம் இருக்கவேண்டும். அந்த ஆழத்துக்குக் கூழாங்கல் கொட்டினால், தண்ணீரைச் சேர்க்காமலே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ வரும். வீட்டு பால்கனிக்கு நம் நாட்டுக் கட்டட விதிமுறை கணக்கில் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ, உள்ளறைக்கு 200 கிலோதான். கையேட்டில் ‘கல்பாத்தி’ என்று பெயர் போட்டுவிட்டு அடிக்குறிப்பில் ‘கல் போடாதீர்கள்’ என்றால் யார் படிப்பார்கள்? பெயரைப் பார்த்துத்தான் பொருள் வாங்கப் போவார்கள். அடுக்குமாடிக்கு ஏற்றது சுட்ட களிமண் உருண்டை. அது கூழாங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதோடு நீரின் எடையும் உண்டு, லிட்டருக்கு ஒரு கிலோ. அதனால் ‘மீனீர்ப் பாத்தி’ என்று பொதுவாகவே வைப்போம். உள்ளே என்ன நிரப்புவது என்பதை இடத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

அளவு பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அதுவும் பெயரை ஒட்டியதுதான். எத்தனை மீனுக்கு எத்தனை செடி என்றுதான் எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். கணக்கு அப்படி இல்லை. ஒரு சதுர மீட்டர் கீரைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீனி என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2014-ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. காய்க்கும் செடி என்றால் 50 முதல் 80 கிராம். தீனிதான் மீன் வழியாக நீரில் சத்தாக இறங்குகிறது. என் பாத்தி கால் சதுர மீட்டர். பத்துக் கிராமுக்குக் கொஞ்சம் கூடப் போட்டால் போதும். புதினாவும் வள்ளைக்கீரையும் அதிலேயே செழித்து நிற்கின்றன. இலை வெளுத்தால் இரும்புச்சத்து மட்டும் தனியாகச் சேர்க்கிறேன், மீன் தீனியில் அது போதுமான அளவு வருவதில்லை.

ஆகவே கையேட்டில் நான் எழுத நினைக்கும் முதல் பத்தி இது:

“அக்வாபோனிக்ஸ் எனப்படும் மீனீர் உழவில் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது முதலில் தண்ணீரை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். தொட்டியில் ஊற்றி, காற்றுக்குமிழ் விட்டு, இரண்டு நாள் வையுங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி இறங்கிச் சுழியத்துக்கு வரும்வரை மீன் வாங்காதீர்கள்.”

படித்துப் பார்த்துக் குறை சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

* * *

அம்மா,

உழத்தலை நீங்கள் சொல்லி நான் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. தயக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘நீருழவு’ சேர்த்து எழுதுவதுபோல ‘மீனீருழவு’ என்றும் சேர்க்கலாம், ஆனால் புதிதாகப் படிப்பவருக்குப் பிரித்தே எழுதுங்கள். மீனீர்க்கீரை, மீனீர்த்தொட்டி என்று வல்லினம் மிகும். மீனீர் உழவர் என்று ஆளுக்கும் பெயர் கிடைக்கிறது. கிளைச்சொல் தராத கலைச்சொல் நெடுநாள் நிற்காது. இது தருகிறது.

பத்தியில் ஒரே ஒரு திருத்தம். ‘மீன் வாங்காதீர்கள்’ என்பதோடு நான்கு முதல் ஆறு வாரம் என்ற கணக்கையும் அங்கேயே எழுதுங்கள். ‘சுழியத்துக்கு வரும்வரை’ என்று மட்டும் சொன்னால் நான்காம் நாளே சோதித்து, இன்னும் ஏறாத அமோனியாவைச் சுழியம் என்று எண்ணி, மீன் வாங்கக் கிளம்பிவிடுவார்கள்.

தஞ்சாவூரிலிருந்து

* * *

அக்கா, கல்பாத்தியைக் கைவிட்டேன். எங்கள் மாடியிலேயே ஆறு மூட்டை கல் கிடக்கிறது, இந்த ஞாயிறு கீழே இறக்குகிறேன். ‘ஏறி இறங்கி’ என்பதற்கு ஒரு சொல் வேண்டாமா? கடையில் ‘சைக்ளிங்’ என்கிறார்கள். புதுத் தொட்டி பழகுவதை நாங்கள் ‘தண்ணி பழகுது’ என்போம். ‘நீர் பழக்கல்’ என்று தொடங்கி வைக்கிறேன், புது இழையில் பேசலாம்.

மதுரையிலிருந்து