தென்னையில் வெள்ளைத் திட்டு: ‘பேராவூரணி வீடு’ குழுவில் ஒரு காலை

பெரியப்பா: (படம்)

பெரியப்பா: கிணற்றடித் தென்னையில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. கஜா புயலில் தப்பிய மரம். நாளைக்கு ஆள் விட்டுச் சுரண்டி, சுண்ணாம்பும் மயில்துத்தமும் அடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.

சித்தப்பா: இனிய காலை வணக்கம். (படம்)

கதிர்: சித்தப்பா, மணி பதினொன்று.

யாழினி: சுரண்டாதீர்கள் பெரியப்பா! அது லைக்கன். பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர, மரத்திலிருந்து சாப்பாடு எதையும் எடுப்பதில்லை. வெயில், மழை, காற்றில் வரும் தூசி, இவையே அதற்குப் போதும்.

பெரியப்பா: பூஞ்சை இல்லையா?

யாழினி: பூஞ்சைதான், ஆனால் தனியாக இல்லை. அதன் இழைகளுக்கு நடுவே பாசி குடியிருக்கிறது.

பெரியப்பா: பூஞ்சை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தெற்குத் தோப்பில் தஞ்சாவூர் வாடல் வந்து மரம் போனது உனக்குத் தெரியாதா?

யாழினி: அது கேனோடெர்மா, முற்றிலும் வேறு பூஞ்சை. வேரையும் அடிமரத்தையும் அழுக வைப்பது அதுதான். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் வடிகிறதா என்று பாருங்கள்.

பெரியப்பா: பார்த்துவிட்டு வந்தேன். அடி காய்ந்துதான் இருக்கிறது. சரி, சுரண்டவில்லை.

அத்தை: யாழினி, மசாலாவில் போடும் கல்பாசியும் இந்த வகைதானா?

யாழினி: அதேதான் அத்தை. டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்துத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள்.

அத்தை: மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு. நனைத்ததும் மேலே லேசாகப் பச்சை தட்டுகிறது.

யாழினி: இப்போது கிழித்து, கிழிந்த ஓரத்தை மாமாவின் பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

அத்தை: நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. மேல் தோலுக்குக் கீழே ஒரு மெல்லிய கோடு.

யாழினி: பஞ்சு பூஞ்சை, கோடு பாசி. சமையல் அங்கேதான் நடக்கிறது.

கதிர்: அக்கா, இரண்டும் சேர்ந்தால் மரபணுவும் கலந்துவிடுமா? வீரிய ஒட்டு ரகம் போல?

யாழினி: இல்லை. பூஞ்சையின் மரபணுத் தொகுதி பூஞ்சையிடம், பாசியுடையது பாசியிடம். பூஞ்சை தன் வித்துகளைக் காற்றில் விடும்போது அவற்றில் பாசி இருக்காது. போய் விழுகிற இடத்தில் பொருத்தமான பாசியைப் புதிதாகத் தேடிப் பிடிக்க வேண்டும். சில லைக்கன்கள் மட்டும் இரண்டையும் சேர்த்துப் பொடியாக உதிர்க்கும்.

கதிர்: பொருத்தமானது என்று எப்படித் தெரியும்?

யாழினி: பூஞ்சையிடம் லெக்டின் என்ற புரதங்கள் உண்டு. அவை பாசியின் செல்சுவரில் உள்ள சர்க்கரைகளைத் தொட்டு அடையாளம் காண்கின்றன. கிளடோனியா கிரேயி என்ற லைக்கனின் பூஞ்சையையும் பாசியையும் தனித்தனியாக வளர்த்து, பிறகு ஒன்றாக விட்டு, எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பார்த்தார்கள். தன்னையும் பிறரையும் பிரித்தறியும் மரபணுக்கள் பூஞ்சையில் முடுக்கம் பெற்றன. எனக்கு இதில் பிடித்த விஷயம், லைக்கனின் உருவம் இந்தச் சந்திப்புக்குப் பிறகுதான் வருகிறது என்பது. பூஞ்சையைத் தனியாக ஆய்வகத்தில் வளர்த்தால் உருவமில்லாத ஒரு கட்டிதான் மிஞ்சும்.

யாழினி: இன்னொன்று. சில இனங்களில் ஒரே பூஞ்சை பச்சைப் பாசியோடு சேர்ந்தால் இலை வடிவம். நீலப்பச்சைப் பாசியோடு சேர்ந்தால் குட்டிப் புதர் வடிவம். பூஞ்சையின் மரபணு இரண்டிலும் ஒன்றே. முன்பு இவற்றை இரண்டு தனி இனங்கள் என்றே எண்ணியிருந்தார்கள்.

பெரியப்பா: நீலப்பச்சைப் பாசி என்றால் நாற்று நட்ட வயலில் தழைச்சத்துக்குப் போடுகிறோமே, அதுவா?

யாழினி: அதே கூட்டம்தான் பெரியப்பா. நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாசி வயல், லைக்கன் இரண்டு இடத்திலும் உண்டு.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கதிர்: என்ன சித்தப்பா அனுப்பினீர்கள்?

சித்தப்பா: கல்பாசி சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும் என்று ஒரு செய்தி வந்தது. யாழினி திட்டுவாள் என்று எடுத்துவிட்டேன்.

யாழினி: நல்ல வேலை செய்தீர்கள். லைக்கனில் விஷமுள்ளவையும் உண்டு சித்தப்பா. வட அமெரிக்காவில் பிரயோரியா என்று மரத்தில் முடி போலத் தொங்கும். பழுப்பு நிறத்தில் இருப்பதை அங்குள்ள பழங்குடிகள் சமைத்துச் சாப்பிட்டார்கள். மஞ்சளாக இருப்பதில் வல்பினிக் அமிலம் என்ற நஞ்சு. லைக்கன் ஆய்வாளர் டோபி ஸ்பிரிபில்லேயின் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டபோது, இரண்டிலும் பூஞ்சையும் ஒன்றே, பாசியும் ஒன்றே. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தும் வேறுபாடு கிடைக்கவில்லை. பிறகு தேடும் வலையை எல்லாப் பூஞ்சைகளுக்கும் விரித்தார்கள். மேல்தோலில் மூன்றாவதாக ஓர் ஈஸ்ட் ஒளிந்திருந்தது. மஞ்சள் லைக்கனில் அது அதிகம். 2016இல் சயன்ஸ் இதழில் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளாக இருவர் என்று பாடம் நடத்திய வீட்டில் மூன்றாவது ஆள்! ஆனால் எல்லா லைக்கன்களிலும் அந்த ஈஸ்ட் இல்லை என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. சண்டை இன்னும் ஓயவில்லை.

அத்தை: ஈஸ்ட் என்றால் ரொட்டி உப்புகிறதே, அதுவா?

யாழினி: இது வேறு ஈஸ்ட். ஆனால் ரொட்டி ஈஸ்டை வைத்தும் 2014இல் ஒரு சோதனை நடந்தது அத்தை. கிளமிடோமோனாஸ் என்ற பச்சைப் பாசியோடு அதை மூடிய குப்பியில் போட்டார்கள். உள்ளே குளுக்கோஸும் நைட்ரைட்டும். ஈஸ்ட் குளுக்கோஸைத் தின்று பாசிக்குக் கரியமில வாயு கொடுத்தது. பாசி நைட்ரைட்டை அம்மோனியாவாக்கி ஈஸ்டுக்குக் கொடுத்தது. பழைய உறவே இல்லாத இரண்டும் பிழைத்தன. மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை.

பெரியப்பா: அது நேர்மையான கொடுக்கல் வாங்கல். உன் லைக்கனில் பாசி வெயிலில் உழைக்கிறது, பூஞ்சை தோலைப் போர்த்திக்கொண்டு சாப்பிடுகிறது. அசல் குத்தகைக் கதை.

யாழினி: 1860களின் கடைசியில் ஸ்விட்சர்லாந்தின் தாவரவியலாளர் ஷ்வெண்டனர் இதையேதான் சொன்னார். பூஞ்சை எசமானன், பாசி அடிமை. மூத்த அறிஞர்கள் அவர் மேல் பாய்ந்தார்கள், ஆனால் இரண்டு உயிர்கள் என்ற அவர் கணக்கு நின்றது. எனக்கு அடிமை என்ற சொல்லில் உடன்பாடில்லை. தோலும் நிறமிகளும் பாசியைச் சுடுவெயிலிலிருந்து காக்கின்றன. வெறும் பட்டையில் இவ்வளவு வறட்சியை அது தனியாகத் தாங்குவது சிரமம்.

பெரியப்பா: யாருக்கு எவ்வளவு பங்கு, வாரம் எத்தனைக்கு எத்தனை என்று யாராவது அளந்தார்களா?

யாழினி: அளந்தார்கள். கதிரியக்கக் கார்பனைக் கொடுத்துப் பின்தொடர்ந்தால், பாசி தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பூஞ்சைக்குப் போகிறது. பச்சைப் பாசியிடமிருந்து போவது பெரும்பாலும் ரிபிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால். பூஞ்சை அதை மானிட்டால் என்ற இன்னொரு சர்க்கரை ஆல்கஹாலாக மாற்றி வைத்துக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், பாசியைப் பிரித்துத் தனியாக வளர்த்தால் அந்தக் கசிவு சீக்கிரமே நின்றுவிடுகிறது.

பெரியப்பா: பெரும்பங்கா! இங்கே 1952இல் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும் எங்கள் தாத்தா ‘நிழல் கொடுக்கிறேனே’ என்றுதான் வாதாடினாராம்.

யாழினி: பெரியப்பா, இதை என் ஆய்வு வழிகாட்டியிடம் சொல்லப் போகிறேன்.

அத்தை: சொல், சொல். கதிர், ஞாயிற்றுக்கிழமை வரும்போது கல்பாசி ஐம்பது கிராம் வாங்கி வா. இருந்ததை நனைத்துக் கிழித்தாகிவிட்டது.