மணலி கம்பெனியில மெயின்டனன்ஸ் ட்ரெய்னி இன்டர்வியூ: ஒரு வாரத்துல எதைப் படிக்கிறது?

தண்டையார்பேட்டை டிப்ளமோ:

எல்லாருக்கும் வணக்கம் அண்ணா. டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சிருக்கேன், 71 சதவீதம், அரியர் இல்ல. மணலியில ஒரு கெமிக்கல் கம்பெனியில மெயின்டனன்ஸ் ட்ரெய்னி வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை காலைல 9 மணி. முதல்ல சின்னதா ஒரு எழுத்துத் தேர்வு, அப்புறம் டெக்னிக்கல், கடைசியா ஹெச்ஆர்னு மெயில்ல போட்டிருக்கு. தெர்மோடைனமிக்ஸ்ல இருந்து திருப்ப ஆரம்பிச்சேன், பாதிகூடத் தாண்டல. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷமா சாப்பாடு டெலிவரி ஓட்டறேன், அதைச் சொல்லலாமா மறைக்கணுமா? இங்கிலீஷும் தடுமாறும். எதைப் பிடிக்கிறது, எதை விடுறது?

ரோட்டரி பிட்டர்:

தம்பி, தெர்மோவை மூடி வை. ப்ராசஸ் பிளான்ட்ல மெயின்டனன்ஸ் வேலைன்னா முக்கால்வாசி பம்ப், பேரிங், சீல், வால்வு, ஃபிளாஞ்ச்தான். கேள்வியும் அங்கதான் சுத்தும். டெஃபினிஷன் ஒப்பிச்சா "சரி"ன்னு தலையாட்டிட்டு அடுத்து "ஏன்?"னு கேப்பாங்க. அந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் நீ தயாராகணும்.

சென்ட்ரிஃப்யூகல் பம்ப்ல (இம்பெல்லர்ங்கற சக்கரம் சுத்தித் திரவத்தைத் தள்றது) இருந்து ஆரம்பி. எப்படி ஸ்டார்ட் பண்ணுவேன்னு கட்டாயம் கேப்பாங்க. சக்‌ஷன் வால்வு (உள்ள இழுக்கற பக்கம்) முழுசா திறந்திருக்கணும், டிஸ்சார்ஜ் (வெளிய தள்ற பக்கம்) மூடியிருக்கணும். கேசிங்ல (பம்போட வெளிக்கூடு) இருக்கற காத்தை வென்ட் வழியா வெளியேத்தி, திரவம் நிரம்பிடுச்சான்னு பாத்துட்டு மோட்டாரைப் போடணும். பிரஷர் கேஜ் ஏறினதும் டிஸ்சார்ஜை மெதுவா திறக்கணும். ஏன் மூடி வெச்சு ஸ்டார்ட் பண்றோம்? ஃப்ளோ இல்லாதப்போ இந்த வகை பம்ப் இழுக்கற பவர் குறைவு, மோட்டார் மேல லோடு ஏறாது. அப்படியே மூடி வெச்சு ஓட்டிட்டே இருந்தா உள்ள இருக்கற திரவம் சூடாகி சீல் போயிடும். இதுவரைக்கும் சொல்லிட்டா உடனே, "கியர் பம்பையும் இப்படித்தான் ஸ்டார்ட் பண்ணுவியா?"ன்னு கொக்கி போடுவாங்க. கூடவே கூடாது. அது பாசிட்டிவ் டிஸ்ப்ளேஸ்மென்ட், ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு அளவைத் தள்ளியே தீரும். டிஸ்சார்ஜ் மூடியிருந்தா பிரஷர் ஏறிக்கிட்டே போய் லைனோ கேசிங்கோ வெடிக்கும், அதனாலதான் அதுல ரிலீஃப் வால்வு வைக்கறாங்க. நிறைய பேர் விழற இடம் இது.

"பம்ப் ஓடுது, தண்ணி வரல"ன்னு கேட்டா காரணத்தை வரிசையாச் சொல்லு: ப்ரைமிங் இல்ல (உள்ள திரவம் நிரம்பல), சக்‌ஷன் பக்கம் காத்து இழுக்குது, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைச்சிருக்கு, இம்பெல்லர் அடைச்சிருக்கு. தண்ணி வருது ஆனா பிரஷர் இல்லன்னா, மோட்டார் கழட்டி மாட்டினப்போ ரெண்டு ஃபேஸ் மாறி ரிவர்ஸ்ல சுத்துதான்னு பாரு. கேவிட்டேஷன்னா ஜல்லி உருளற மாதிரி சத்தம் வரும், கேஜ் முள்ளு ஆடும். சக்‌ஷன்ல பிரஷர் போதாம திரவம் ஆவியாகி, அந்தக் குமிழி இம்பெல்லர்ல உடையறதுதான் காரணம். அதுக்காக சக்‌ஷன் வால்வைக் கொஞ்சம் மூடி சரி பண்ணுவேன்னு சொல்லிடாத, இன்னும் மோசமாகும்.

பேரிங்குக்கு உங்க ஏரியால இருக்கற மோட்டார் ரீவைண்டிங் கடையில கழட்டிப் போட்ட பேரிங் ஒண்ணு ரெண்டு கேட்டு வாங்கிக்கோ. கையில வெச்சு நம்பரைப் படி. 6205ன்னா கடைசி ரெண்டு இலக்கத்தை 5ஆல பெருக்கு, உள் விட்டம் 25 மி.மீ. 04ல இருந்துதான் இந்தக் கணக்கு செல்லும். 00ன்னா 10, 01ன்னா 12, 02ன்னா 15, 03ன்னா 17. ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருந்தா டூஆர்எஸ், தகடு இருந்தா இசட்இசட். பின்னாடி சி3ன்னு போட்டிருந்தா உள்ளே கிளியரன்ஸ் சாதாரணத்தைவிட அதிகம், சூடாகற மோட்டாருக்குப் போடுவாங்க. ஷாஃப்ட்ல ஏத்தும்போது உள் ரேஸ்லதான் (உள் வளையம்) அழுத்தணும். வெளி ரேஸ்ல தட்டினா அந்த அடி பால் வழியா இறங்கி ரேஸ்ல குழி விழும்; புது பேரிங்கே முதல் நாள்ல சத்தம் போடும். சூடு பண்ணி ஏத்தறதா இருந்தா இண்டக்‌ஷன் ஹீட்டர்ல 110 டிகிரி சுமார் போதும், கேஸ் பர்னர் காட்டக் கூடாது. கிரீஸை ஹவுசிங் முழுக்க அடைக்காத. மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் போதும். நிறைய அடைச்சா கிரீஸே கடைபட்டு பேரிங் சூடாகும்.

சேஃப்டி மணலி:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கெமிக்கல் கம்பெனியில் பம்ப் கேள்விக்குத் தப்பாகச் சொன்னால் மார்க் போகும். பாதுகாப்புக் கேள்விக்குத் தப்பாகச் சொன்னால் வேலையே போகும்.

"பம்ப் சீல் மாத்தணும், முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டால் "ஸ்பேனர் எடுப்பேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒர்க் பெர்மிட் (வேலை தொடங்க எழுத்து அனுமதி) வாங்குவேன், மோட்டார் சப்ளையை எலெக்ட்ரிக்கல் ஆள் துண்டித்ததும் என் பூட்டைப் போட்டு டேக் மாட்டுவேன், சாவி என்னிடமே இருக்கும், பிறகு லோக்கல் புஷ் பட்டனை அழுத்தி ஓடவில்லை என்று உறுதி செய்வேன், சக்‌ஷன் டிஸ்சார்ஜ் வால்வுகளை மூடி லைனை ட்ரெய்ன் செய்து பிரஷர் இறங்கியதைப் பார்ப்பேன் என்று சொல்லுங்கள். அந்தப் புஷ் பட்டன் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தப்பான ஃபீடரை (மின்சாரம் போகும் இணைப்பு) பூட்டியிருந்தால் அதில்தான் தெரியும்.

டேங்கில் இறங்குவது பற்றிக் கேட்டால் கேஸ் டெஸ்ட் வரிசை முக்கியம்: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழேயோ 23.5க்கு மேலேயோ இருந்தால் இறங்கக் கூடாது. ஆக்சிஜன் ஏன் முதலில்? எரியும் வாயுவை அளக்கும் வழக்கமான மீட்டரின் சென்சார் அந்த வாயுவை எரித்துத்தான் அளவு காட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் ரீடிங்கே தப்பாக வரும். இந்த ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். டேங்குக்கு வெளியே ஓர் ஆள் நிற்க வேண்டும், உள்ளே மயங்கியவரைத் தூக்க அவர் தானும் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, அதனால் நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்கக் கூடாது என்பதுதான் விடை. கசிவு என்றால் காற்றுத் திசை காட்டும் துணியைப் (விண்ட்சாக்) பார்த்து, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகி காற்று வரும் பக்கம் போக வேண்டும்.

புதுவண்ணை ஹெச்ஆர்:

தெர்மோவை விடுங்க, சரி. எழுத்துத் தேர்வுக்கு அடிப்படைக் கணக்கை விட்டுடாதீங்க. 1 இன்ச் 25.4 மி.மீ., 1 ஹெச்பி 746 வாட், 10 மீட்டர் தண்ணி ஏறக்குறைய 1 பார். 50 ஹெர்ட்ஸ்ல நாலு போல் மோட்டார் 1500 ஆர்பிஎம், ஆனா நேம்பிளேட்ல 1440ன்னு இருக்கும், வித்தியாசம் ஸ்லிப். அளக்கக்கூடிய மிகச் சின்ன அளவு (லீஸ்ட் கவுண்ட்) வெர்னியருக்கு 0.02, மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. போல்ட் தலையில 8.8ன்னு இருந்தா இழுவலிமை 800 மெகாபாஸ்கல், யீல்டு (நிரந்தரமா நீள ஆரம்பிக்கற அளவு) அதுல 80 சதவீதம், 640. இவ்வளவு தெரிஞ்சா பாதி பேப்பர் முடிஞ்சது.

டெலிவரி ஓட்டினதை மறைக்காதீங்க. ரெஸ்யூமேல ஒரு வருஷம் காலியா இருந்தாத்தான் ஆயிரம் சந்தேகம் வரும். "வீட்டுச் செலவுக்காக ஓட்டினேன், கூடவே வேலை தேடினேன்" – ரெண்டு வாக்கியம், அதுக்கு மேல விளக்கம் வேண்டாம். குரலைத் தாழ்த்திச் சொல்லாதீங்க, அவ்வளவுதான்.

இங்கிலீஷுக்கு அறிமுகம் மட்டும் ஒரு நிமிஷத்துக்குத் தயார் பண்ணுங்க: பேர், ஊர், படிப்பு, ப்ராஜெக்ட்ல நீங்க கையால செஞ்ச பகுதி. டெக்னிக்கல் ரவுண்டுல தடுமாறினா "தமிழ்ல சொல்லலாமா சார்?"னு ஆரம்பத்துலயே கேட்டுடுங்க. ஷாப் ஃப்ளோர் வேலைக்கு அதைப் பெரும்பாலும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. தெரியாத கேள்விக்கு அளந்து விடறதுதான் தப்பு.

கால் லெட்டரைப் பிரிண்ட் எடுத்துக்கோங்க. இந்த மாதிரி பிளான்ட் கேட்ல மொபைல், லைட்டர், தீப்பெட்டி எல்லாத்தையும் வாங்கி வெச்சுடுவாங்க. லெட்டர் போன்ல இருந்தா உள்ள போய் முழிக்க வேண்டியதுதான். ஒரிஜினல் ஒரு செட், ஜெராக்ஸ் ரெண்டு செட், போட்டோ நாலு. பத்தாவது சர்ட்டிஃபிகேட், ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நாலுலயும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. நம்ம ஊர்ல ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல அப்பா பேர் பின்னாடி முழுசா இருக்கும். சேரும்போது பிஎஃப் கணக்கு தொடங்க இதுதான் இழுத்தடிக்கும்.

தண்டையார்பேட்டையில இருந்து மணலி கிட்டத்துலதானேன்னு 8 மணிக்குக் கிளம்பாதீங்க. கன்டெய்னர் லாரி வரிசை கட்டினா ஷேர் ஆட்டோவும் நிக்கும், பஸ்ஸும் நிக்கும். மெட்ரோ திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம்தான் போகும், மணலிக்குள்ள வராது. 7 மணிக்குக் கிளம்புங்க. கேட்ல பதிவு, பாஸ், சேஃப்டி வீடியோன்னே அரை மணி போயிடும். செருப்பு வேண்டாம், மூடின ஷூ போடுங்க.

தண்டையார்பேட்டை டிப்ளமோ:

ரொம்ப நன்றி அண்ணா. ரீவைண்டிங் கடையில 6203 ஒண்ணும் 6308 ஒண்ணும் கொடுத்தாங்க. 17, 40, சரிதானே? ரெண்டு சந்தேகம். கிளாண்ட் பேக்கிங்ல (ஒழுகாம இருக்க பம்ப் ஷாஃப்டைச் சுத்திப் போடற கயிறு) தண்ணி சொட்டணும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, லீக் ஆனா தப்பில்லையா? அப்புறம் அலைன்மென்ட்ல (மோட்டார், பம்ப் ஷாஃப்டை ஒரே நேர்கோட்டுல கொண்டு வர்றது) டயல் கேஜ் ரீடிங்கைப் பாதியாக்கறது ஏன்னு புரியல. சம்பளம் கேட்டா என்ன சொல்றது?

ரோட்டரி பிட்டர்:

17, 40 சரி.

கிளாண்ட் பேக்கிங் சொட்டியே ஆகணும். நிமிஷத்துக்கு 40லேர்ந்து 60 சொட்டு. அந்தத் தண்ணிதான் ஷாஃப்ட் ஸ்லீவையும் பேக்கிங்கையும் குளிர வைக்குது. நட்டை இறுக்கி சொட்டை நிறுத்தினா பேக்கிங் கருகி, ஸ்லீவ்ல வரி விழும். ரிங் வெட்டும்போது முனையை 45 டிகிரியில சாய்ச்சு வெட்டி, ஒவ்வொரு ரிங்கோட இணைப்பையும் 90 டிகிரி தள்ளித் தள்ளிப் போடணும், இல்லாட்டி இணைப்பு எல்லாம் ஒரே கோட்டுல வந்து அது வழியா ஒழுகும். மெக்கானிக்கல் சீல் வேற கதை. அது கண்ணுக்குத் தெரிஞ்சு சொட்டக் கூடாது. ரெண்டையும் குழப்பிடாத.

டயல் கேஜ்: கப்ளிங் (ரெண்டு ஷாஃப்டையும் இணைக்கறது) ரிம்ல மேல 0 வெச்சு, அரை சுத்து சுத்திக் கீழ 0.20 மி.மீ. காட்டுதுன்னு வை. ஒரு ஷாஃப்ட் இன்னொண்ணைவிட 0.10 மேல இருந்தா, மேல் பக்கம் 0.10 வித்தியாசம், கீழ்ப் பக்கம் எதிர்த்திசையில 0.10. கேஜ் ரெண்டையும் சேத்துத்தான் காட்டுது, அதனால நிஜ ஆஃப்செட் (விலகல்) பாதி. பேப்பர்ல ரெண்டு வட்டம் போட்டுப் பாரு, டக்குனு புரியும். இன்னொண்ணு, ரீடிங் எடுக்கறதுக்கு முன்னாடி சாஃப்ட் ஃபுட் பாப்பேன்னு சொல்லு. மோட்டாரோட நாலு கால்ல ஒண்ணு பேஸ்ல ஒட்டாம தூக்கி நின்னா, போல்ட் இறுக்கும்போது ஃப்ரேமே முறுக்கும், எத்தனை தடவை எடுத்தாலும் ரீடிங் மாறிக்கிட்டே இருக்கும்.

புதுவண்ணை ஹெச்ஆர்:

ட்ரெய்னிக்குப் பெரும்பாலும் சம்பளம் முடிவாத்தான் இருக்கும், நீங்களா தொகை சொல்ல வேண்டாம். "கம்பெனி ட்ரெய்னிக்கு வெச்சிருக்கறது சரி சார்"னு சொல்லிட்டு மூணு விஷயம் கேளுங்க: கம்பெனி ரோலா கான்ட்ராக்டா, ட்ரெய்னிங் எத்தனை மாசம், கையில வர்றது எவ்வளவு. வருஷத் தொகையா ஒண்ணு சொல்வாங்க, அதுல கம்பெனி கட்டற பிஎஃப்பும் சேந்திருக்கும். உங்க பங்கு பிஎஃப் பேசிக்ல 12 சதவீதம். மாசச் சம்பளம் 21,000க்குள்ள இருந்தா இஎஸ்ஐ 0.75 சதவீதமும் பிடிப்பாங்க. ஷிஃப்ட் சம்மதமான்னு கேட்டா நைட் ஷிஃப்டையும் யோசிச்சிட்டு பதில் சொல்லுங்க. தலையாட்டிட்டு அப்புறம் வீட்டுல கேக்கணும்னு நிக்கக் கூடாது.

மெடிக்கல்ல கலர் பார்வை பாப்பாங்க. பைப்லைன் கலர் கோடு இருக்கறதால அது முக்கியம். கண்ணாடி போடறவரா இருந்தா எடுத்துட்டுப் போங்க. பாண்ட் இருந்தா எத்தனை மாசம், முறிச்சா எவ்வளவு கட்டணும்னு பாத்துட்டுக் கையெழுத்து போடுங்க. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வெச்சுக்கறோம்னா விட்டுட்டு வராதீங்க, வெரிஃபை பண்ணிட்டு அங்கயே திருப்பிக் கேளுங்க. நடுவுல யாராவது போன் பண்ணி டெபாசிட், யூனிஃபார்ம் காசுன்னு பணம் அனுப்பச் சொன்னா அனுப்பாதீங்க. கம்பெனி கேட்டுக்கே போய் விசாரிங்க.