பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை இரவில் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், அடிக்கவும் செய்கிறார்கள். சட்டப்படி இது குற்றமா?

காம்பவுண்டுவாசி கேட்டது:

திருப்பூரில் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து வீட்டில் கணவன் மனைவி இருவருமே பனியன் கம்பெனி வேலை, ஏழு வயதுப் பெண்ணும் மூன்று வயதுப் பையனும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் நைட் ஷிப்ட் வந்துவிட்டால் பிள்ளைகளை உள்ளே விட்டு வெளியே பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பையன் ராத்திரி எழுந்து அழுவதும் அந்தச் சின்னப் பெண் அவனைத் தூங்க வைக்கப் பார்ப்பதும் எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அப்பா குடித்துவிட்டு வரும் நாளில் பெண்ணுக்கு பெல்ட் அடி. கையில் வரிவரியாகத் தடித்திருந்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள்.

வீட்டு ஓனரிடம் சொன்னேன். "பெத்தவன் அடிக்காம ஊரானா வந்து அடிப்பான், உங்க சோலியப் பாருங்க" என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: கொடுமை, புறக்கணிப்பு என்று சட்டம் எதைச் சொல்கிறது? பெற்றவர்களே செய்தாலும் அது பொருந்துமா? புகார் கொடுத்தால் பிள்ளைகளைக் கொண்டுபோய் ஹோமில் போட்டுவிடுவார்களோ என்று என் மனைவி பயப்படுகிறாள், எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது.

சேரன்_77:

குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள் சகோ. இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஓனர் சொல்வதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வக்கீல்_கோவை:

குழந்தைகள் வழக்குகளில் ஆஜராகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இதற்கு முக்கியமான சட்டம் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பெயரைப் பார்த்து ஏதோ தப்பு செய்த சிறுவர்களுக்கான சட்டம் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அதில் பெரும்பகுதி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றியதுதான். 18 வயது முடியாத எல்லோரும் அதன்படி குழந்தை. அதன் 75ஆவது பிரிவைப் படித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். ஒரு குழந்தையைத் தன் பொறுப்பில் அல்லது கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் யாராக இருந்தாலும், அந்தக் குழந்தையைத் தாக்கினால், கைவிட்டால், கொடுமைப்படுத்தினால், ஆபத்தில் விட்டால், வேண்டுமென்றே புறக்கணித்தால், அது குழந்தைக்குத் தேவையில்லாத உடல் வேதனையோ மன வேதனையோ உண்டாக்கக்கூடிய விதத்தில் இருந்தால், அது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அந்தக் கொடுமையால் குழந்தையின் உடல் முடங்கினாலோ, மனநலம் கெட்டாலோ, உயிருக்கே ஆபத்து வந்தாலோ குறைந்தது மூன்று ஆண்டு, பத்து ஆண்டு வரைகூடப் போகலாம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். முதலாவது, பெற்றவர் என்பதற்காக யாரையும் 75ஆவது பிரிவு விட்டுவிடவில்லை. அப்பா, சித்தி, பாட்டி, ஹாஸ்டல் வார்டன், யார் கையில் குழந்தை இருக்கிறதோ அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது, ஏற்கெனவே காயம் பட்டிருக்க வேண்டும் என்றே சட்டம் கேட்கவில்லை, வேதனை உண்டாக்கக்கூடியதாக இருந்தாலே போதும். ஏழு வயதுப் பெண்ணை நம்பி மூன்று வயதுப் பையனை ராத்திரி முழுக்க வெளியே பூட்டிய வீட்டில் விடுவது, நாளைக்கு ஒரு தீ விபத்து என்றால் என்ன ஆகும் என்று யோசித்தாலே இந்த வரையறைக்குள் வந்துவிடும்.

அடிக்கும் விஷயத்துக்கு வருவோம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆவது பிரிவு (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 89) 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பெற்றவரோ அவர் சம்மதத்தோடு மற்றவரோ செய்வதற்கு ஒரு பாதுகாப்புத் தருகிறது. இதைத்தான் "கண்டிக்க உரிமை இருக்கிறது" என்று நீதிமன்றத்தில் வாதாடுவார்கள். ஆனால் எலும்பு முறிவு மாதிரியான கொடுங்காயத்தை வேண்டுமென்றே உண்டாக்கியவரை அந்தப் பிரிவு காப்பாற்றாது. குடித்துவிட்டு பெல்ட்டால் அடிப்பதில் நல்லெண்ணம் எங்கே இருக்கிறது, குழந்தைக்கு நன்மை எங்கே இருக்கிறது என்று கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது.

புறக்கணிப்பு என்றால் இன்னது என்று சட்டம் தனியாக வரையறை எழுதி வைக்கவில்லை. சாப்பாடு, வைத்தியம், கண்காணிப்பு என்று குழந்தைக்கு அடிப்படையாகத் தேவையானதைத் தர முடிந்தும் தராமல் விடுவதைத்தான் நடைமுறையில் அப்படிப் பார்க்கிறோம்.

நூல்காரி:

வக்கீல் அண்ணா சொல்வது எல்லாம் சரி, ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. நானும் நைட் ஷிப்ட் போனவள்தான். மாமியார் இருந்ததால் தப்பித்தேன். ஊரை விட்டு வந்து, சொந்தம் என்று யாரும் இல்லாமல், ஷிப்ட் மாற்றிக் கேட்டால் வேலைக்கே வர வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் அந்தப் பெண் என்ன செய்வாள்? பூட்டாமல் போனால்தான் இன்னும் பயம். பெல்ட் அடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை, அவனை என்ன செய்தாலும் தகும். ஆனால் ஏழை வீடு என்றால் உடனே கேஸ், வசதியான வீட்டில் வேலைக்காரம்மாவிடம் விட்டுவிட்டு வாரம் முழுக்கத் திரும்பிப் பார்க்காதவர்களை யாரும் கேட்பதில்லை.

வக்கீல்_கோவை:

நூல்காரி அக்கா கேட்பது நியாயமான கேள்வி. வேண்டுமென்றே புறக்கணிப்பது என்றுதான் 75ஆவது பிரிவு சொல்கிறது. வறுமையால் முடியாமல் போவதும் இருந்தும் செய்யாமல் விடுவதும் ஒன்றல்ல. பெற்றோர் தங்கள் கைமீறிய சூழ்நிலையால் குழந்தையைக் கைவிட நேர்ந்திருந்தால் அதை வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளக் கூடாது, தண்டனையும் கூடாது என்று அதே பிரிவில் ஒரு விதிவிலக்கே இருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்த அம்மா விஷயத்தில் 75ஆவது பிரிவைவிட 2(14)தான் உதவும். அடித்த, கொடுமைப்படுத்திய, புறக்கணித்த ஒருவரோடு வசிக்கும் குழந்தை "பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை" என்று அது சொல்கிறது. தெருவில் வாழும் குழந்தை, வேலைக்கு அனுப்பப்பட்ட குழந்தை, கல்யாணம் செய்து வைக்கப்போகிறார்கள் என்ற நிலையில் இருக்கும் குழந்தை எல்லாமே இந்தப் பட்டியலில் வரும். இந்த வழியில் போனால் விஷயம் குழந்தைகள் நலக் குழுவுக்கு வரும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். அவர்கள் பார்ப்பது யாரை ஜெயிலில் போடலாம் என்பதை அல்ல, குழந்தைக்கு என்ன தேவை என்பதை.

ஹோம் பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் 3ஆவது பிரிவிலேயே அடிப்படைக் கொள்கையாக எழுதப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார்கள், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், கண்காணிப்போடு பிள்ளைகளைப் பெற்றோரிடமே விடலாம். குழந்தைகள் நலனுக்கான அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவும் உண்டு, ஆனால் வருமான வரம்பு இருப்பதால் எல்லா வீட்டுக்கும் கிடைக்காது. இரண்டு பேரும் ஷிப்டை மாற்றி மாற்றி எடுக்கவைத்தாலே பூட்டுப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும், அதை ஒரு குழு எழுத்தில் சொன்னால் கேட்கிற அளவுக்கு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

டீச்சரம்மா:

அரசுப் பள்ளியில் வேலை செய்கிறேன். அந்தப் பெண் ஏழு வயது என்றால் இரண்டாம் வகுப்போ என்னவோ படிப்பாள், வகுப்பாசிரியருக்கும் இது தெரிய வேண்டும். ராத்திரி தூங்காத பிள்ளை வகுப்பில் தூங்கும், வீட்டுப்பாடம் எழுதாது, அதற்கும் நாங்கள் திட்டிவிடுவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது, இருந்தும் வீட்டில் அடி வாங்கும் பிள்ளை பள்ளியிலும் அடி வாங்குவதைப் பார்த்திருக்கிறேன், அதைவிடக் கொடுமை இல்லை.

ஒரு வேண்டுகோள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு "யார் அடிச்சா, எப்படி அடிச்சா" என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். பயந்து "விழுந்துட்டேன்" என்றுதான் சொல்வாள், அப்புறம் அதிகாரி வந்து கேட்டாலும் அதையே சொல்வாள். பாலியல் தொல்லை என்று லேசாகச் சந்தேகம் வந்தால் மட்டும் கதையே வேறு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. பெரியவர்கள் கூடிப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்பதற்கு அங்கே இடமே இல்லை.

காம்பவுண்டுவாசி:

எல்லோருக்கும் நன்றி. ஓனர் என்ன சொல்வார் என்பதைவிட அந்த ஆள் குடித்துவிட்டு வந்து என் வீட்டு வாசலில் நிற்பானே என்றுதான் யோசனை. என் பெயர் வெளியே வருமா? அவன் அடிப்பதை போனில் வீடியோ எடுத்து வைத்தால் உதவுமா?

வக்கீல்_கோவை:

1098-ல் பேசும்போதே பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்த்ததையும் கேட்டதையும் உண்மையாகச் சொன்னவர் மேல் வழக்கு வராது, பொய் என்று தெரிந்தே சொன்னால்தான் பிரச்சினை. பேசும்போது நீங்கள் கண்ணால் பார்த்தது எது, சுவர் வழியாகக் கேட்டது எது என்று பிரித்துச் சொல்லுங்கள், எந்தெந்தத் தேதி ராத்திரி பூட்டியிருந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

வீடியோ எடுத்தால் அதிகாரியிடம் மட்டும் கொடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், இப்படிப்பட்ட குழந்தை யார் என்று அடையாளம் தெரியும்படி வெளியிடுவது 74ஆவது பிரிவுப்படி குற்றம், நல்ல மனதோடு பகிர்ந்தவர்களும் மாட்டியிருக்கிறார்கள். அவன் அடித்துக்கொண்டிருக்கும்போதே கூப்பிடுவதென்றால் அவசர உதவி எண் 112. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து புகை வந்தாலோ, பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்தாலோ பூட்டை உடைத்து உள்ளே போங்கள், உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதைச் சட்டம் குற்றமாகப் பார்க்காது, ஓனரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம்.