ஒஸ்லோ: மாலை ஆறு மணிக்கு விருந்தினர், சால்மன் மாவாக உதிர்கிறது. யாராவது உதவுங்கள்

புதிதாய் வந்தவள் (காலை 10.05)
நோர்வேக்கு வந்து ஏழு கிழமைதான். கணவரின் மேலாளரும் மனைவியும் இன்று சாப்பிட வருகிறார்கள். "மசாலா தடவிச் சுட்ட சால்மன்" என்று இவர் வாயை விட்டுவிட்டார். நேற்று ஒத்திகை பார்த்தேன். வெளியே கரி, உள்ளே காய்ந்த மா, மேலெல்லாம் வெள்ளையாக ஏதோ கசிந்திருந்தது. புகை அலாரம் கத்தியதில் மேல்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எங்கே பிழை விட்டேன்?

வடமுனை
பிள்ளை, 1987இல் நாங்கள் நோர்வேயின் வடகோடியில், ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றவர்கள். இரண்டு மாதம் சூரியன் எழாது. விரல் விறைக்க விறைக்கக் கொட் மீன் வெட்டிவிட்டு அறைக்கு வந்தால் ஏழு பேருக்கு ஒரே சட்டி. ஊரிலிருந்து வந்த தூள் தீர்ந்த அன்று ஒருவன் உட்கார்ந்து அழுதான். உங்களுக்கு ஓவன் இருக்கிறது. பயப்படாதீர்கள்.

பெர்கன் மழை
அவர்களுக்கு எதற்கு மசாலா? உப்பு, வெண்ணெய், அவித்த உருளைக்கிழங்கு, முடிந்தது. மசாலாதான் வேண்டும் என்றால் முதல் நாள் இரவே எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்திருக்க வேண்டும்.

அறக்குளா
இரவு முழுதும் புளிப்பில் கிடந்தால் அடுப்புக்குப் போகும் முன்பே மீன் வெளுத்துக் குழைந்துவிடும். அந்த வேலை வேண்டாம்.

பெர்கன் மழை
நான் ஆறு வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

அறக்குளா
ஆறு வருடமாகக் குழைந்த மீன் சாப்பிடுகிறீர்கள்.

ஸ்காபரோ மாமா
ஓவனில் சுடுவதெல்லாம் சுடுவதா? பால்கனியில் கரி அடுப்பை வையுங்கள்.

வடமுனை
தம்பி, இது கனடா இல்லை. அடுக்குமாடியில் கரி மூட்டினால் நாளைக்கே குடியிருப்புச் சங்கத்தின் கடிதம் வரும். காட்டோரம் போகலாம் என்றாலும் ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை தீ மூட்டத் தடை.

பெர்கன் மழை
தடைகளுக்கா பஞ்சம்? சால்மன் நாட்டில் இருந்துகொண்டு குழம்புக்கு ஒரு மீன் தலை கிடைக்கவில்லை. கேட்டால் "பூனைக்கா?" என்கிறார் கடைக்காரர்.

ஸ்காபரோ மாமா
இங்கே தலை கிடைக்கும். வாடகை கொடுத்த பிறகு அதை வாங்கத்தான் காசு மிஞ்சாது.

லக்ஸ் அக்கா (12.20)
அந்தப் பிள்ளை மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தலைக்கறியைப் பிறகு பேசுங்கள். தங்கச்சி, எந்தச் சூட்டில், எத்தனை நிமிடம்? என்ன தூள்? தோல் இருந்ததா?

புதிதாய் வந்தவள்
ஓவனின் மேல் சூடு, உச்சத்தில், 35 நிமிடம். உள்ளே சிவப்பாகவே இருந்ததால் வேகவில்லை என்று விட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்து வறுத்த தூள், மூன்று மேசைக்கரண்டி. தோலை உரித்துவிட்டேன். இன்றைய மீன் இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

லக்ஸ் அக்கா
முதலில் எழுந்து போய் மீனைப் பொதியோடு குளிர்ந்த நீரில் போடுங்கள். நீரை இடையிடையே மாற்றினால் ஒரு மணி நேரத்தில் இளகிவிடும்.

சால்மன் நம் ஊர் அறக்குளா மீனைப் போல வெளுக்காது. அந்த நிறம் தீவனத்திலிருந்து வருவது, வெந்தாலும் இளஞ்சிவப்பாகத்தான் நிற்கும். நீங்கள் வராத வெள்ளைக்காகக் காத்திருந்திருக்கிறீர்கள். கசிந்தது மீனின் புரதம், கூடுதலாக வெந்தால் அப்படிப் பிழிந்துகொண்டு வரும். கெடுதல் இல்லை, வழித்துவிடலாம்.

தோலை உரிக்காதீர்கள். உப்புத் தடவிக் கால் மணி நேரம் வைத்து, ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். தூள் ஒன்றரைத் தேக்கரண்டி போதும். ஏற்கெனவே வறுபட்ட தூள் நேர்ச்சூட்டில் கருகிக் கசக்கும். இரண்டு மேசைக்கரண்டி தயிர், உள்ளி, கொஞ்சம் எண்ணெயோடு குழைத்துப் பூசி அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஓவனை 200 பாகைக்கு முன்பே சூடாக்கி, நடுத்தட்டில், தோல் கீழே இருக்க வையுங்கள். இரண்டரை சென்டிமீட்டர் தடிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். கடைசி இரண்டு நிமிடம் மட்டும் மேல் சூடு, பக்கத்திலேயே நின்று பாருங்கள். முள்ளுக்கரண்டியால் அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிய வேண்டும். அலாரத்தைக் கழற்றாதீர்கள், இங்கே எல்லா வீட்டிலும் அது கட்டாயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

புதிதாய் வந்தவள்
மீன் தண்ணீரில் இருக்கிறது அக்கா. தோலோடு எப்படிப் பரிமாறுவது?

லக்ஸ் அக்கா
தட்டையான கரண்டியைச் சதைக்கும் தோலுக்கும் நடுவில் விடுங்கள். தோல் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

பெர்கன் மழை
எலுமிச்சை?

லக்ஸ் அக்கா
இறக்கிய பிறகு.