"100% மிஸ்ரா" என்று விற்கிற டூல்: டெமோவில் எதைப் பார்க்கணும்?

கரிசல்காடு:
மிஸ்ரா என்பது பாதுகாப்பு முக்கியமான இடங்களில் சி கோட் எழுதுவதற்கான விதித்தொகுப்பு; அந்த விதிமீறலைக் கோடில் தேடும் மென்பொருள்தான் இந்த டூல். முதல் கேள்வி, எதில் நூறு? மிஸ்ரா சி 2012 முதல் பதிப்பில் 143 ரூல், 16 டைரக்டிவ் (பொதுவான வழிகாட்டுதல்). டைரக்டிவை வெறும் கோடை வைத்து முழுசாகச் சரிபார்க்க முடியாது. டைரக்டிவ் 3.1ஐ எடுத்துக்குங்க: கோட் எல்லாம் ஆவணத்தில் உள்ள ரிக்வயர்மென்ட் ஒன்றோடு பொருந்தணும். அந்த ஆவணத்தை டூல் எங்கே படித்தது? ஆக, நூறு என்பது பெரும்பாலும் டைரக்டிவைக் கழித்த கணக்கு. ரூல் வாரியாக "முழுசு, பாதி, இல்லை" என்று அட்டவணை கேளுங்க. தர மறுத்தால் டெமோவே வேண்டாம்.

ஓட்டைவாளி:
அட்டவணையில் "முழுசு" என்று இருந்தாலும் நம்பாதீங்க. எந்த ரூலை டூலால் உறுதியாகத் தீர்மானிக்க முடியும், எதை முடியாது என்று மிஸ்ராவே பிரித்து வைத்திருக்கு. 9.1 முடியாத ரகம். மதிப்பு வைக்காத லோக்கல் வேரியபிளைப் படிக்கக் கூடாது என்பது அந்த ரூல். மாண்டேட்டரி (கட்டாயம்) என்பதால் டீவியேஷன் (காரணம் சொல்லி விலக்கு) எழுதித் தப்பிக்கவும் வழியில்லை.

இப்படிச் சோதிக்கலாம். முதல் ஃபைலில் மதிப்பு வைக்காத ஒரு லோக்கல் வேரியபிள். அதன் அட்ரஸை இரண்டாவது ஃபைலில் உள்ள ஃபங்ஷனுக்கு அனுப்புங்க. அங்கே இஃப்புக்குள் மட்டும் மதிப்பு போடணும், எல்ஸ் கிடையாது. திரும்பி வந்ததும் வேரியபிளைப் படிங்க. ஃபைல் ஃபைலாகத் தனித்தனியே பார்க்கிற டூல் வாயே திறக்காது. அட்ரஸ் போகிற இடத்தில் எல்லாம் கத்துகிற டூலும் உண்டு. அதனால் எல்ஸ் சேர்த்து அங்கேயும் மதிப்பு போட்டு மறுபடி ஓட்டுங்க. அப்பவும் கத்தினால் முதலில் கத்தியதும் குத்துமதிப்புதான். வெண்டர் கொண்டுவரும் சாம்பிள் ப்ராஜெக்டில் இதெல்லாம் தெரியவே தெரியாது.

16பிட்:
"ஸீரோ வயலேஷன்" ரிப்போர்ட்டைக் காட்டினால் முதலில் லாகைத் திறங்க. ஹெடர் பாத் (கோடோடு சேர்க்கும் ஹெடர் ஃபைல்கள் இருக்கும் இடம்) தப்பாக இருந்தால் அந்த ஃபைலைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகிற டூல் உண்டு. ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சைதான்! பில்டில் கொடுக்கிற மேக்ரோவை டூலுக்குக் கொடுக்காவிட்டால் இஃப்டெஃப் (மேக்ரோ இருந்தால் மட்டும் சேரும் பகுதி) உள்ளே இருக்கும் கோட் அதன் கண்ணிலேயே படாது.

இன்ட் அளவையும் பாருங்க. 16 பிட் கன்ட்ரோலருக்கு டூலில் 32 என்றே விட்டிருந்தால், அன்சைன்ட் இன்ட் வேரியபிளை 20 இடம் ஷிஃப்ட் செய்தாலும், பிட் அளவைத் தாண்டி ஷிஃப்ட் செய்யாதே என்கிற ரூல் 12.2 கண்டுக்காது.

நெல்லைக்காரன்:
சான்றிதழ் பற்றி ஒண்ணு. மிஸ்ரா அமைப்பு எந்த டூலுக்கும் சான்று தருவதில்லை; "மிஸ்ரா சர்டிஃபைட்" என்று போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படணும். ஐஎஸ்ஓ 26262க்கு (வாகன மின்னணுப் பாதுகாப்புத் தரநிலை) டியூவி என்கிற சோதனை நிறுவனம் தருகிற சான்று வேறு. அதில் எந்த வெர்ஷன் என்று பாருங்க, கூட வரும் சேஃப்டி மேனுவலில் என்ன நிபந்தனை என்று படிங்க. கையில் இருப்பது அடுத்த வெர்ஷன் என்றால், அதற்கும் சான்று பொருந்துமா என்று எழுத்தில் வாங்கிடுங்க.

கரிசல்காடு:
@நெல்லைக்காரன் சரிதாண்ணே. "வாங்கினாலே கம்ப்ளையன்ட்" என்பவரிடம் மிஸ்ரா கம்ப்ளையன்ஸ் 2020 ஆவணத்தை நீட்டுங்க. எந்த ரூலை டூல் பார்க்கும், எதைக் கம்பைலர், எதை ரிவ்யூ என்று ரூல் ரூலாகத் திட்டம் கேட்கிறது அது. டூல் நிரப்புவது அந்தத் திட்ட அட்டவணையில் ஒரு நெடுவரிசை மட்டும்தான்.