முழங்கால் குடைச்சல், குதிகால் பிடிப்பு: மினிமலிஸ்ட் ஷூவுக்கு இப்போது மாறலாமா?

காலை_ஐந்தரை எழுதியது:

வணக்கம். வயது 44, பெண், கோவையில் வங்கி வேலை. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன், எல்லாம் சேர்த்து 30 கிலோமீட்டர் வரும். வார நாட்களில் ரேஸ்கோர்ஸ் நடைபாதை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மருதமலை சாலைப் பக்கம் கொஞ்சம் நீளமாகப் போவேன். இப்போது அணிவது குதிகால் பக்கம் கனத்த மெத்தை வைத்த சாதாரண ஓட்ட ஷூ. டிராப், அதாவது முன்பாதத்தை விடக் குதிகால் உயர்ந்திருக்கும் அளவு, 10 மி.மீ. என்று பெட்டியில் இருக்கிறது.

தொந்தரவு இரண்டு இடத்தில். வலது முழங்கால் சில்லைச் சுற்றி ஒரு குடைச்சல். ஓடத் தொடங்கி இருபது நிமிடத்தில் தலைகாட்டும். அன்று மாலை படி இறங்கும்போதும், வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழும்போதும் தெரியும். அடுத்தது இடது குதிகால் தசைநாண், கெண்டைக்காலைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நாண். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்தடி வைக்கும்போது இறுக்கிப் பிடித்திருக்கும்; காப்பி கலக்கி முடிப்பதற்குள் விட்டுவிடும். இரண்டுமே ஓட்டத்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை. ஆனால் மாதக்கணக்காக விடவும் இல்லை.

எங்கள் குழுவில் இரண்டு பேர் மெத்தையே இல்லாத மெல்லிய மினிமலிஸ்ட் ஷூவுக்கு மாறி முழங்கால் வலி போய்விட்டது என்கிறார்கள். ஆண்டு இறுதியில் நடக்கும் கோவை மாரத்தானில் 21 கிலோமீட்டர் ஓட விரும்புகிறேன். அதற்குக் கையில் ஐந்து மாதம் இருக்கிறது. இப்போதே மாறலாமா? வலி முழுக்கத் தீரும்வரை காத்திருக்க வேண்டுமா? மாறி அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெறுங்கால் எழுதியது:

தயங்காமல் மாறுங்கள், சகோதரி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தான் முழுவதையும் வெறுங்காலில் ஓடி 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் தங்கம் வென்றார். குதிகாலில் மெத்தை இருப்பதால்தான் காலை முன்னே வீசிக் குதிகாலை ஊன்றுகிறோம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு 2010இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகிறார்கள். குதிகால் தரையில் மோதும்போது வரும் அந்த முதல் அதிர்ச்சி அவர்களிடம் இல்லவே இல்லை எனலாம். எனக்கும் முழங்கால் வலிதான். ஷூ மாற்றிய பிறகு வரவே இல்லை.

மண்பாதை எழுதியது:

சகோதரி, இரண்டு வலியையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவற்றைப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய ஷூ உங்கள் முழங்காலுக்கு நல்லது செய்யக்கூடும். அதே ஷூ உங்கள் குதிகால் தசைநாணுக்குக் கெடுதல் செய்யும் வாய்ப்பு அதிகம்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. எந்த ஷூ அணிந்தாலும் அந்தச் சுமை எங்கேயாவது இறங்கித்தான் ஆக வேண்டும். குதிகால் உயர்ந்த ஷூவில் காலை நீட்டி ஊன்றுகிறோம். முழங்காலும் தொடையின் முன்தசையும் அதைத் தாங்குகின்றன. தட்டையான மெல்லிய ஷூவில் அடி குறுகுகிறது, முன்பாதம் முதலில் படுகிறது, முழங்கால் தப்பிக்கிறது. அங்கே குறைந்தது கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் பாதத்தின் சிறு எலும்புகளுக்கும் போகிறது. குதிகால் 10 மி.மீ. கீழே இறங்குவதால் தசைநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடவும் செய்கிறது. உங்கள் குழுவில் அந்த இருவருக்கும் முழங்கால் மட்டுமே தொந்தரவு கொடுத்திருக்கும். உங்களுக்குக் குதிகாலும் சேர்ந்திருக்கிறது. அவர்களுக்குப் பலித்தது உங்களுக்கும் அப்படியே பலிக்கும் என்று எண்ண வேண்டாம்.

நண்பர் வெறுங்கால் சொன்ன பிகிலாவை எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் அதே பிகிலா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷூ அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மறுபடியும் தங்கம் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லீபர்மன் கட்டுரை, பாதம் எப்படி ஊன்றுகிறது, எவ்வளவு விசை ஏறுகிறது என்பதை அளந்தது. காயம் குறைகிறதா என்பதை அது அளக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ஷூ வியாபாரம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை வைத்த மெல்லிய 'ஐந்து விரல்' ஷூ தயாரித்த விப்ரம் நிறுவனம், பாதம் வலுப்படும், காயம் குறையும் என்ற விளம்பர வாசகங்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கை 2014இல் அமெரிக்காவில் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்து முடித்தது.

உங்களைப் போல வலியோடு இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய ஆய்வு வேறொன்று. அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 36 ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் பத்து வாரத்தில் படிப்படியாக ஐந்து விரல் ஷூவுக்கு மாற்றினார்கள். 2013இல் முடிவு வெளியானது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மாறியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. பழைய ஷூவிலேயே ஓடியவர்களில் அது மிக அரிது. படிப்படியாக மாறியவர்களின் கதை இது. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வளவு வேகமாகப் பழகுவதில்லை. மூச்சும் தசையும் 'இன்னும் ஓடு' என்று சொல்லும் நேரத்தில்தான் எலும்பு விரிசல் விடுகிறது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் ஷூ வாங்கமாட்டேன். முழங்காலுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது: அடி எண்ணிக்கை. வழக்கமான வேகத்தில் ஓடும்போது வலது கால் தரையில் படுவதை அரை நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கிடைக்கும். வேகத்தைக் கூட்டாமல் அதை மட்டும் ஐந்து முதல் பத்து சதவீதம் உயர்த்துங்கள். அடி தானாகக் குறுகும், பாதம் உடலுக்கு அடியிலேயே விழும். இப்படி உயர்த்தும்போது முழங்கால் மேல் ஏறும் சுமை தெளிவாகக் குறைவதை விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வு 2011இல் காட்டியது. மெல்லிய ஷூ முழங்காலுக்குச் செய்யும் உதவியில் பெரும்பகுதி இதுதான். பழைய ஷூவிலேயே அதைப் பெறலாம்.

குதிகாலுக்கு ஓய்வை விட வலுதான் மருந்து. ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட பயிற்சியை உலகமெங்கும் பின்பற்றுகிறார்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, நல்ல காலால் மேலே ஏறி, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி 15 முறை வீதம் மூன்று சுற்று, லேசாக மடக்கி அதேபோல மூன்று சுற்று. காலையும் மாலையும், 12 வாரம். இறக்கும்போது கொஞ்சம் வலிக்கும்; அந்த அளவு வலியோடு தொடரலாம் என்பதே இந்த முறையின் சிறப்பு.

ஒற்றைக் காலில் நின்று, சுவரை விரலால் தொட்டபடி, முழு உயரத்துக்கு இருபத்தைந்து முறை குதிகாலை உயர்த்த முடிகிறதா என்று பாருங்கள். இரு காலிலும் அது வராதவரை மெல்லிய ஷூவில் ஓடவே வேண்டாம். வந்த பிறகும் முதலில் கடைக்குப் போக, காய்கறி வாங்க அதை அணியுங்கள். பிறகு ஓட்டம் முடிந்து உடல் சூடாக இருக்கும்போது கடைசி ஒரு கிலோமீட்டர். அடுத்த நாள் அதைத் தொடக் கூடாது. நேரே பூஜ்ஜிய டிராப் வேண்டாம். 4 அல்லது 6 மி.மீ. டிராப், விரல்கள் விரிய இடமுள்ள முன்பகுதி, இது போதும். அளவு எடுக்கும்போது மாலையில் காகிதத்தின் மேல் நின்று பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்குச் செருப்புப் போட்டு வளர்ந்த பாதம், முன்பக்கம் அகலமாக இருக்கும்.

மருதமலைப் பக்கம் ஓடுவதாகச் சொன்னதால் இன்னொன்று: சாலையோர மண்ணில் இறங்கினால் சீமைக்கருவேல முள் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். அந்த ஓட்டத்துக்குப் பழைய ஷூதான்.

21 கிலோமீட்டரையும் பழைய ஷூவிலேயே ஓடுங்கள். ஐந்து மாதத்தில் பந்தயத் தூரமும் புதிய ஷூவும் இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும் கெடும். நானே இன்றுவரை நீண்ட ஓட்டங்களுக்கு மெத்தை ஷூதான் அணிகிறேன். மெல்லியது குறுகிய, நிதானமான ஓட்டங்களுக்கு மட்டும்.

பிசியோ_பீளமேடு எழுதியது:

மண்பாதை சார் சொன்னதோடு எனக்கு உடன்பாடு. பிசியோதெரபிஸ்டாகச் சில கேள்விகள் மட்டும் கேட்கிறேன், மேடம்.

குதிகால் வலி சரியாக எந்த இடம்? எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, தசைநாணைக் கிள்ளினால் வலிக்கிறதா? அல்லது தசைநாண் எலும்பில் வந்து ஒட்டும் இடத்திலா? ஒட்டும் இடம் என்றால் படிக்கட்டு விளிம்பில் குதிகாலைக் கீழே இறக்கக் கூடாது. இறக்கினால் தசைநாண் எலும்போடு அழுந்தி வலி கூடும்.

சர்க்கரை இருக்கிறதா? இருந்தால் மெல்லிய ஷூவுக்கு முன்னால் பாத உணர்வுப் பரிசோதனை கட்டாயம். ஒரு சிறு கல் குத்தியது தெரியாமல் போனால் புண்ணாகிவிடும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வைட்டமின் டி அளவு என்ன என்பதையும் பாருங்கள். எலும்பு மெலியத் தொடங்கும் வயதில் பாத எலும்பில் விரிசல் வர அதிகச் சுமை தேவையில்லை. கடந்த சில மாதங்களில் சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டீர்களா? அவை தசைநாணைப் பாதிக்கக்கூடியவை, மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

புதிய ஷூ அணியத் தொடங்கியதும் வாரம் ஒருமுறை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தின் மேல்புறம் இரண்டாம் மூன்றாம் விரல்களுக்குப் பின்னே உள்ள நீள எலும்புகளைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். பாதம் முழுவதும் அசதி இருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு புள்ளியில் சுருக்கென்று வலித்தால், அங்கே லேசாக வீங்கியும் இருந்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எலும்பு விரிசல் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று ஓடிவிட வேண்டாம்.

காலை_ஐந்தரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி, அண்ணா. நன்றி, மேடம்.

கிள்ளிப் பார்த்தேன். மேலே வலி இல்லை. கீழே, எலும்பில் ஒட்டும் இடத்தில்தான். ஷூவின் பின்விளிம்பு உரசும் அதே இடம், லேசாகப் புடைத்தும் இருக்கிறது. சர்க்கரை இல்லை. அந்த மாத்திரைகள் எதுவும் சாப்பிடவில்லை. வைட்டமின் டி பார்த்ததில்லை, பார்க்கிறேன். அடி எண்ணிக்கை 158 வருகிறது.

ஒரு சந்தேகம். அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டையான மெல்லிய செருப்புதான். வீட்டுக்குள் வெறுங்கால். அதுவே மெல்லிய ஷூவுக்குப் பழக்கம் ஆகாதா?

பிசியோ_பீளமேடு எழுதியது:

பழக்கம் ஆகும், ஆனால் இப்போது அதுவே உங்கள் குதிகாலை ஆறவிடாமல் வைத்திருக்கலாம். ஓடுவது நாளுக்கு ஒரு மணி நேரம். அந்தத் தட்டைச் செருப்பில் எட்டு மணி நேரம். ஒட்டும் இடத்து வலிக்கு அடுத்த சில வாரம் குதிகால் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்த, பின்பட்டை இல்லாத செருப்பு அணியுங்கள். வீட்டுக்குள்ளும் அதேதான். பயிற்சியைச் சமதரையில் செய்யுங்கள்: மேலே உயர்த்தி, தரை வரை மட்டும் மெதுவாக இறக்கினால் போதும். கெண்டைக்காலை நீட்டி இழுக்கும் பயிற்சிகள் எதுவும் இப்போது வேண்டாம், அவையும் அதே இடத்தை அழுத்தும்.

மண்பாதை எழுதியது:

158 என்றால் முதல் இலக்கு 166. ரேஸ்கோர்ஸில் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் வரும். முதலில் அதில் பாதிச் சுற்றுக்கு மட்டும் 166ஐப் பிடியுங்கள், மீதியை வழக்கம்போல ஓடுங்கள். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். படி இறங்கும்போது முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்து எழுதுங்கள், சகோதரி. குதிகால் முழுக்க அமைதியான பிறகு எந்த ஷூ என்று பேசலாம்; என்னிடம் 4 மி.மீ. டிராப் ஷூக்கள் சிலவற்றின் அனுபவம் இருக்கிறது.