வாடகை வீட்டுச் சுவர்: ஆணி அடிக்க ஏலாது

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில ஒரு வருச வாடகை வீடு. ஆணி, பெயின்ற் ரெண்டுக்கும் வீட்டுக்காரர் சம்மதமில்லை. குறைஞ்ச செலவில சுவரை எப்படி வடிவாக்கலாம்?

பதில்: பழைய பருத்திச் சீலையைச் சோளமாப் பசையால ஒட்டுங்கோ. கால் கப் மாவை அதேயளவு பச்சைத்தண்ணியில கரைச்சு, கொதிக்கிற 2 கப் தண்ணிக்குள்ள ஊத்திக் கிண்டுங்கோ. ஆறினாப் பிறகு சுவரில மெல்லிசாப் பூசி, மேலயிருந்து கீழ துணியை அழுத்தி, அதுக்கு மேல இன்னொரு பூச்சு. கழட்டேக்க ஈரப் பஞ்சால நனைச்சு உரிச்சா வந்திடும். நைலெக்ஸ் மாதிரி செயற்கை நூல் சீலை ஒட்டாது. சாயம் போற துணியெண்டா முதல்ல அலசிப் பாருங்கோ. சுவரில கறை ஏறினா முற்பணம் போச்சு.

பதில்: சுண்ணாம்புச் சுவரெண்டா சரிவராது, பொடி கழண்டு துணியோட வரும். கையால தடவிப் பாருங்கோ. ஐப்பசி மழை தொடங்கினா வெளிச்சுவர்ப் பக்கம் பூஞ்சணமும் பிடிக்கும். ரெண்டு யன்னல் கம்பிக்கும் நடுவில நைலோன் கயிறு கட்டித் துணி தொங்கவிடுங்கோ. இரும்புக் கொளுக்கி வேண்டாம், கடல்காத்துக்குத் துருப்பிடிக்கும்.

பதில்: சிப்பி மாலையும் செய்யலாம். நல்ல தண்ணியை மாத்தி மாத்தி ஊறவைச்சு உப்பை எடுங்கோ, இல்லாட்டி மழைக்காலத்தில கசியும். துளைக்கு அரத்தால முதுகைத் தேய்க்கோணும். ஆணியால அடிச்சா வெடிக்கும். புறாமலைத் தீவில முருகைக்கல் (பவளக்கல்) பொறுக்கிற எண்ணம் வேண்டாம், 2003இலயிருந்து அது தேசியப் பூங்கா.

கேட்டவர்: தடவினன், வெள்ளை ஒட்டுது. கயிறெண்டா 8 அடி வரும், தொய்யாதோ?

பதில்: தொய்யும். கயிறை முக்கால் அங்குல பிவிசி குழாய்க்குள்ளால கோத்துக் கட்டுங்கோ.